ஈசான மூலைக் கதவு

மழை வந்தால் மூட வேண்டிய கதவு, மழை வந்தால்தான் மூடாமல் நின்றது.

கோவில்பட்டியில் சண்முகராஜ் நடத்திவந்த தீப்பெட்டி ஆபீசின் சரக்கு அறைக் கதவு அது. தீப்பெட்டி செய்கிற இடத்தை அந்த ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். குச்சி நிரப்பி, லேபிள் ஒட்டி, பண்டல் கட்டிய பெட்டிகள் லாரி வரும்வரை அந்த அறையில் இருக்கும். சித்திரை, வைகாசியில் கதவு திறந்தே கிடந்தாலும் யாருக்கும் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று உள்ளே போனால் குச்சியின் மருந்து நமத்துவிடும். உரசினால் பொறி வராது, மருந்துதான் உதிரும். ஆகவே மழைக்காலத்தில் அந்தக் கதவு இறுக்கமாக மூடிக் கிடக்க வேண்டும். அதுவோ கோடை முழுவதும் சுண்டுவிரலால் தள்ளினாலே மூடிக்கொள்ளும். நல்ல மழை இரண்டு பெய்தால் பாதியில் நின்றுகொண்டு, தோளைக் கொடுத்து முட்டினாலும் அசையாது.

கட்டடத்தைக் கட்டியவர் வேதமணி. நாசரேத் பக்கத்துத் தேரிச் செம்மணலில் கொத்தனார் வேலை பழகி, கோவில்பட்டிக்கு வந்து காண்டிராக்டர் ஆனவர். முதல் வருஷம் கதவு இறுகியபோது அவர் பதறவில்லை. மரம் ஈரத்தில் ஊறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆசாரி கருத்தையாவை அனுப்பி ஓரத்தை இழைக்கச் சொன்னார். கோடை வந்ததும் இழைத்த பக்கத்தில் பல்லி நிமிர்ந்து நடந்துபோகிற அளவுக்குச் சந்து விழுந்தது. அடுத்த மழைக்குக் கதவு மறுபடியும் இறுகியது. கருத்தையா மறுபடியும் இழைத்தார். இனி இழைத்தால் கதவே மிஞ்சாது என்று அவர் சொன்ன பிறகு, வேதமணி மரமே வேண்டாம் என்று முடிவு செய்து, ஆங்கிள் சட்டத்தில் இரும்புத் தகடு அடித்து ஒரு கதவு செய்து மாட்டினார். இரும்பு ஊறாது. அதோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தார்.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் இரும்புக் கதவு அதே இடத்தில் அதேபோல நின்றது.

சண்முகராஜ் அண்ணாச்சி வந்து பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவை ஒரு முறை தள்ளினார். பிறகு வேதமணியைத் திரும்பிப் பார்த்தார்.

"மரம் ஊறும்னீரு, சரின்னு கேட்டுக்கிட்டேன். இப்ப இரும்புக்கும் நீர்க்கோவை பிடிச்சிருக்கா, வே?"

லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்களில் வாயாடியான முத்துத்தாய், சுக்கை உரசிக் கதவு நெற்றியில் பற்றுப் போட்டால் சரியாகிவிடும் என்று யாருக்கும் சொல்லாதவள்போலச் சொன்னாள். அதற்கு வேதமணியும் சிரித்துவிட்டார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பக்கத்து மனையில் இதைவிடப் பெரிய செட் ஒன்று கட்ட அவர் இடம் ஒதுக்கியிருந்தார். தையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதாக ஏற்பாடு. அது வேதமணிக்கு என்று வாய்ப்பேச்சில் முடிவாகியிருந்தது. இப்போது அந்தப் பேச்சை அவர் எடுத்தார். மதுரையிலிருந்து ஒரு காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், இந்த மூலையையே இடித்துவிட்டுக் கட்டினால்தான் ஆகும் என்று அவர் சொன்னதாகவும் தெரிவித்தார்.

"நமத்த பெட்டியை வாங்குன கடைக்காரன் என் பேரைச் சொல்லித்தான் வைவான். உம்ம பேரு அவனுக்குத் தெரியாது. தை பொறக்கிறதுக்குள்ள கதவு ஏன் மூடலைன்னு எனக்குப் புரியும்படியாச் சொல்லும். இல்லைன்னா அந்த மதுரைக்காரரு வந்து இடிக்கட்டும்."

ஒருவர் கட்டியதை இன்னொருவர் வந்து இடிப்பது என்றால், அந்த ஊரில் அதற்குப் பிறகு யாரும் அவரை நம்பி ஒரு கோழிக்கூடுகூடக் கட்டச் சொல்ல மாட்டார்கள். வேதமணிக்கு அது தெரியும். ஆனாலும் அவர் பயப்படுகிற ஆள் இல்லை. கட்டடம் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும், காரணம் இருந்தால் கண்ணில் படும் என்பது அவருடைய நம்பிக்கை. எல்லோரும் போனபின் கதவின் முன்னால் உட்கார்ந்தார்.

கதவை விட்டுவிட்டு நிலையை அளந்தார். நிலையின் மேல் இடது முனையிலிருந்து கீழ் வலது முனைக்கு ஒரு நூல். மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு ஒரு நூல். சதுரமாக நிற்கிற நிலைக்கு இரண்டு நூலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். இங்கே ஒன்று விரற்கடை கூடுதலாக இருந்தது. தரையில் கிடந்த காலித் தீப்பெட்டி ஒன்றை எடுத்தார். உள்பெட்டியை வெளியே இழுத்துவிட்டு, மேல்கூட்டை ஒரு மூலையில் மட்டும் மெல்ல அழுத்தினார். சதுரவாய் சாய்சதுரமானது. இப்போது உள்பெட்டியைத் தள்ளினால் போகவில்லை. உள்பெட்டியில் குற்றமே இல்லை, கூடுதான் கோணியிருக்கிறது. கதவை இத்தனை நாள் இழைத்ததும் மாற்றியதும் உள்பெட்டிக்கு வைத்தியம் பார்த்ததுதான்.

நிலை ஏன் கோணியது? அது நிற்கிற சுவர் கோணியதால். சுவர் ஏன் கோணியது? அந்தப் பக்கத்து மூலை எழும்பியதால். இதுவரை அவருக்குச் சந்தேகமில்லை. கரிசல் மண் காய்ந்தால் சுருங்கி, கைத்தடி இறங்குகிற அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் உளுந்துபோல ஊறி உப்பும். இறுக்கமான பாத்திரத்தில் உளுந்தை ஊறவைத்தால் அது மூடியைத் தூக்கிவிடும். கரிசல் கட்டடத்தையும் தூக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நான்கு மூலையையும் ஒன்றுபோலத் தூக்கினால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. தூக்கினது தெரியக்கூடத் தெரியாது. இங்கே மற்ற மூன்று மூலைகளும் இருந்த இடத்தில் இருக்கின்றன. வடகிழக்கு மூலை மட்டும் வருஷாவருஷம் எழும்பி, கோடையில் இறங்குகிறது. நான்கு மூலைக்கும் ஒரே ஆழத்துக்கு வானம் தோண்டியவர் அவர்தான். ஒரே கல், ஒரே காரை, ஒரே மண். பிறகு ஏன் ஒரு மூலைக்கு மட்டும் இந்தக் குணம்?

தண்ணீரை அவர் சந்தேகப்படாமல் இல்லை. இந்தக் கட்டடத்துத் தண்ணீரின் வழிக்கு ஒரு கதையே உண்டு. வேலை தொடங்குமுன் அண்ணாச்சி மனையடி சாஸ்திரம் பார்க்கிறவர் ஒருவரை அழைத்துவந்தார். அவர் சொன்ன பலவற்றில் அண்ணாச்சி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஒன்று: தண்ணி ஈசானத்துல வடியணும். ஈசானம் என்றால் வடகிழக்கு மூலை. கிறிஸ்தவ வேதக்காரரான வேதமணிக்கு இந்தச் சாஸ்திரத்தில் நம்பிக்கையும் இல்லை, அதோடு சண்டையும் இல்லை. கட்டச் சொல்கிறவர் கேட்டதை ஒழுங்காகக் கட்டிக் கொடுப்பது தொழில். மொட்டைமாடித் தளத்துக்கு அவர் கொடுத்த வாட்டம் அவ்வளவு சுத்தம். மாடியில் கோலிக்குண்டை எங்கே வைத்தாலும் உருண்டு ஈசான மூலைத் தூம்புக்கு வந்து சேரும். தூம்பிலிருந்து தண்ணீர் அந்த மூலையில் தரையில் விழும். மழை விட்டதும் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு சொட்டு நிற்காது. தேரி மண்ணில் வேலை பழகியவர்களுக்கு நிற்கிற தண்ணீர்தான் பகை, மண்ணுக்குள் போனது முடிந்த கதை. ஆகவே அவர் தண்ணீரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். கண் கரிசலுக்கு வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. பழக்கம் மட்டும் இன்னும் தேரியிலேயே இருந்தது.

இதே கரிசலில் முன்னால் கட்டியவர்கள் என்ன செய்தார்கள், அவர்கள் கதவு எப்படி மூடியது என்று போய்ப் பார்ப்பது என்று அவர் தீர்மானித்தார்.

மனைவி எஸ்தர்ராணி இதை உல்லாசப் பயணம் என்று புரிந்துகொண்டாள். ஆரம்பப் பள்ளியில் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் தன்னைக் கூட்டிக்கொண்டு போன இடங்கள் செங்கல் சூளையும் சுண்ணாம்புக் காளவாசலும்தான் என்பது அவளுடைய நெடுநாள் குறை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எலுமிச்சம்பழச் சோறும் துவையலும் கட்டிக்கொண்டு, நல்ல சேலையில் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் இடைசெவல் பக்கம், பாதையோரத்தில் நின்ற பழைய கல்மண்டபத்துக்குப் போனார்கள். அந்தக் காலத்து வழிப்போக்கர்கள் தங்க யாரோ கட்டியது. தூண்களில் கிளியோடு நிற்கிற பெண்ணும், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும் குரங்குகளும் இருந்தன. எஸ்தர்ராணி ஒவ்வொரு தூணாகச் சுற்றி வந்து பார்த்தாள். திரும்பினால் புருஷன் குனிந்து தூணின் அடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரு உலகத்துல எல்லாரும் அண்ணாந்து பாப்பாவ. நீங்க ஒருத்தருதான் கட்டடத்துக்குக் காலைப் பாக்குதீங்க" என்றாள்.

காலில்தான் விஷயம் இருந்தது. மண்டபத்தின் தரை மட்டமாக இல்லை. ஒரு தூண் மற்றவற்றைவிட எழும்பியிருந்தது, ஒன்று இறங்கியிருந்தது. ஆனாலும் எங்கேயும் விரிசல் கிடையாது. அவர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். தூண் தன் பீடக் கல்லில் சும்மா நிற்கிறது. தூணின் தலையில் போதிகை, போதிகையின் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் பாவுகல். எதற்கு நடுவிலும் காரை இல்லை. ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு தூணை மண் தூக்கினால் மேலே இருக்கிற உத்தரம் கொஞ்சம் சாய்ந்து இடம் கொடுக்கும். ஆட இடமிருப்பதால் உடையத் தேவையில்லை. நம் செட்டோ காரையால் ஒட்டிய ஒரே சுவர். ஒரு மூலை எழும்பினால் மற்ற மூலைகள் விட மாட்டேன் என்று பிடித்து இழுக்கும். அந்த இழுபறியில் நிலை கோணுகிறது.

எஸ்தர்ராணி கேட்டுக்கொண்டாள். பிறகு, அப்படியானால் அண்ணாச்சியை இந்த மண்டபத்திலேயே தீப்பெட்டி ஒட்டச் சொல்லிவிடலாமே, கதவும் கிடையாது, மூடவில்லை என்ற புகாரும் வராது என்றாள். வேதமணி சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். மண்டபம் ஒரு நல்ல விடைதான், ஆனால் வேறொரு கேள்விக்கு. அவருக்குக் காரைச் சுவர் வைத்த கட்டடம் வேண்டும்.

அடுத்த ஞாயிறு பசுவந்தனைக்கு அப்பால், பருத்திக் காட்டுக்கு நடுவே உயர்ந்து நின்ற ஒரு பழைய கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியது. கூர்நுனி வளைவுகள், உயரமான ஜன்னல்கள், உள்ளே போனால் உச்சி வெயிலிலும் குளிர்ச்சி. கோயில் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னாசிராஜ், மறுசபைக்காரர்கள் தங்கள் கோயிலைத் தேடி வந்ததில் மகிழ்ந்து, பீடத்தையும் பழைய சுரூபங்களையும் காட்டக் கூப்பிட்டார். எஸ்தர்ராணி மட்டும் போனாள். வேதமணி வாசல் கதவை மூடிப் பார்த்தார். நல்ல மழைக்கு மறுநாள் அது. ஆள் உயரத்துக்கு இரு மடங்கான அந்தத் தேக்குக் கதவு பூனை நடப்பதுபோலச் சத்தமில்லாமல் வந்து மூடிக்கொண்டது.

அவர் வெளியே வந்து கோயிலைச் சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் இன்னாசிராஜுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"டீச்சரம்மா, சாருக்கு ஏதும் நேர்ச்சையா? எங்க சாமியாருகூடக் கோயிலை இத்தனை தடவை சுத்துனதில்ல."

"அவிய செவுரைப் பாக்குதாவ" என்றாள் எஸ்தர்ராணி. "மனுசரைப் பாக்க இன்னும் ஆரம்பிக்கல."

கோயிலைச் சுற்றிச் சுவரோடு ஒட்டி அகலமாகக் கல் பாவியிருந்தார்கள். திருவிழாவில் சப்பரம் சுற்றி வருவதற்காகப் போட்டது என்றார் இன்னாசிராஜ். அதற்காகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கல்தளம் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தது. கல்லுக்குக் கல் இடுக்கில் காரை பூசியிருந்தது. கூரையிலிருந்து விழுகிற தண்ணீர் கல்லில் விழுந்து ஓடி, சுவரைவிட்டுத் தூரத்தில் போய்த்தான் மண்ணைத் தொடும். வேதமணிக்கு அது குடையாகத் தெரிந்தது. சுவர் பிடித்திருக்கிற குடை இல்லை, சுவரடி மண்ணுக்குப் பிடித்த குடை. அதன் கீழே இருக்கிற கரிசல் கார்த்திகையில் நனைவதும் இல்லை, அக்கினி நட்சத்திரத்தில் வெந்து வெடிப்பதும் இல்லை. எப்போதும் ஒரே பதம். ஒரே பதமாக இருக்கிற மண்ணுக்கு உப்பவும் தெரியாது, சுருங்கவும் தெரியாது.

இதற்குச் சாட்சியும் அங்கேயே இருந்தது. கோயிலின் பின்பக்கம், பின்னாளில் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கல்தளம் அந்த அறையைச் சுற்றிப் போகவில்லை. அந்த அறையின் சுவரில் மட்டும் படிக்கட்டுபோல ஒரு விரிசல் ஏறியிருந்தது. ஒரே மண், ஒரே ஊர், ஒரே மழை. குடை இருந்த இடம் நல்லாயிருக்கிறது, இல்லாத இடம் வெடித்திருக்கிறது.

திரும்பி வரும்போது வேதமணி வழக்கத்துக்கு மாறாகப் பாட்டு முணுமுணுத்தார். பாதி விடை கையில் இருந்தது. மீதிப் பாதியை எஸ்தர்ராணி பின்னாலிருந்து கேட்டாள். செட்டின் நாலு பக்கமும்தான் குடை இல்லையே, பிறகு ஏன் ஒரு மூலை மட்டும்? பாட்டு நின்றது.

மூன்றாவது ஞாயிறு புதூர் பக்கம் போனார்கள். அங்கே ஒரு சின்ன ஜமீனின் வரி வசூலும் வழக்கும் நடந்த பழைய கச்சேரிக் கட்டடம் இருந்தது. ஜமீன் போய் வெகுகாலம் ஆயிற்று. உறவுமுறையில் வந்த மாயகிருஷ்ணன் என்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, உள்பக்கம் திரும்பி "நீள்ளு தீஸ்குனி ரா" என்று தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு மாடியைக் காட்டினார். பர்மாத் தேக்குத் தூண்கள், கலர் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், முகம் பார்த்தால் இரண்டு முகம் தெரிகிற பழைய ஆளுயரக் கண்ணாடி. எஸ்தர்ராணி இரண்டு முகத்தையும் பார்த்துச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். வேதமணி எல்லாக் கதவுகளையும் வரிசையாக மூடித் திறந்துகொண்டே வந்தார். இவர் வாங்க வந்தவரா, விற்க வந்தவரா என்று மாயகிருஷ்ணனுக்குப் புரியவில்லை.

கதவுகள் எல்லாம் மூடின.

அவர்கள் முன்கூடத்துக்கு இறங்கியபோது மழை பிடித்தது. காற்றும் இடியும் இல்லாமல் கொட்டுகிற ஐப்பசி மழை. மூவரும் ஒதுங்கி நின்றார்கள். சற்று நேரத்தில் கட்டடத்தின் மூலையிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வேதமணி எட்டிப் பார்த்தார். மாடியிலிருந்து கல்லில் செதுக்கிய ஒரு யாளிவாய் ஒரு கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மாடித் தண்ணீர் முழுவதும் அந்த வாய் வழியாகவே கொட்டியது. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று மாயகிருஷ்ணனிடம் கேட்டுத் திசையை உறுதிசெய்துகொண்டார். அது வடகிழக்கு. இவர்களும் ஈசானத்துக்கே வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். தன் செட்டைப் போலவே. அப்படியானால் இந்த மூலையும் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை.

யாளிவாயிலிருந்து கொட்டிய தண்ணீர் தரையில் விழவில்லை. கீழே வைத்திருந்த ஒரு கல்தொட்டியில் விழுந்தது. தொட்டியின் விளிம்பில் ஒரு மூக்கு. அந்த மூக்கிலிருந்து முழங்கை அகலத்தில் ஒரு கல்லோடை முற்றத்தைக் குறுக்கே கடந்து, மதில் ஓரத்தில் ஈசானத்திலேயே இருந்த ஒரு கிடங்கு போன்ற தொட்டிக்குப் போயிற்று. தண்ணீர் அதில் சலசலவென்று ஓடியது.

"ஜமீன் ராணியம்மா காலை நனைச்சுக்கிட்டு நடக்கிறதுக்காக வெட்டினதுங்க" என்றார் மாயகிருஷ்ணன் பெருமையாக.

வேதமணி மழைக்குள் இறங்கினார். பையிலிருந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய், யாளிவாய்க்கு நேர் கீழே, சுவரடியில் பாவியிருந்த கற்களில் ஒன்று பெயர்ந்திருந்த இடத்தில் குத்தினார். அடி மண் நனையாமல் இறுகியிருந்ததால் கம்பி இறங்கவில்லை. முற்றத்தின் நடுவே திறந்த மண்ணில் குத்தினார். முழங்கை ஆழத்துக்கு இறங்கியது. நனைந்துகொண்டே கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

எஸ்தர்ராணி கூடத்திலிருந்து கேட்டாள்: "இங்க தண்ணி அங்கன போவுது. உங்க செட்டுல விழுற தண்ணி எங்க போவுது?"

"எங்கயும் போவாது. விழுந்த இடத்துலயே காணாமப் போயிரும்" என்றார்.

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே திரும்பி வந்து விழுந்தது. காணாமல் போகிற தண்ணீர் என்று ஒன்று கிடையாது. கோடையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற கரிசல், மாடி முழுவதன் தண்ணீரையும் ஒரே மூலையில் குடித்துக்கொண்டிருந்தது. மற்ற மூலைகளுக்கு வானத்திலிருந்து விழுகிற மழை மட்டும். ஈசான மூலைக்கு அதோடு சேர்த்து ஒரு மாடியின் மழை. கோலிக்குண்டு உருளுகிற அளவுக்குத் தான் கொடுத்த அழகான வாட்டம்தான், ஒரு சொட்டு பாக்கியில்லாமல் அந்தத் தண்ணீரை அங்கே கொண்டுபோய் ஊற்றியது.

கூடத்துக்கு ஏறி வந்து அதை எஸ்தர்ராணியிடம் சொன்னார். அவள் முந்தானையை நீட்டி, தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னாள்.

"வடியணும்னு சொன்னா இதுல்லா வடியறது. கஞ்சியை வடிச்சா பானையை விட்டு வெளிய போவணும். நீங்க வடிச்ச கஞ்சி சோத்துக்குள்ளயே கெடக்கு. சோறு குழையாம என்ன செய்யும்?"

மறுநாள் காலையில் வேதமணி தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் இரண்டு குழி வெட்டச் சொன்னார். ஒன்று ஈசான மூலையில், சுவரை ஒட்டி. இன்னொன்று அதற்கு எதிரே தென்மேற்கு மூலையில். அண்ணாச்சி வந்தபோது இரண்டு குழியிலிருந்தும் ஒவ்வொரு கை மண் எடுத்து அவர்முன் நீட்டினார். தென்மேற்கு மண் கொஞ்சம் ஈரப்பதத்தோடு கட்டியாக, விரலால் நசுக்கினால் உதிர்ந்தது. ஈசான மண் அல்வாபோல விரல்களுக்கிடையே பிதுங்கியது. அண்ணாச்சி இரண்டையும் தொட்டுப் பார்த்தார். என்ன வரப்போகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஈசானத் தூம்பை மாத்தணும்னு மட்டும் சொல்லிராதேயும். அதுக்கு நான் கதவையே கழத்திப் போட்டிருவேன்."

"மாத்த வேண்டாம் அண்ணாச்சி. சாஸ்திரக்காரரு என்ன சொன்னாருன்னு ஒரு தடவை சொல்லுங்க."

"தண்ணி ஈசானத்துல வடியணும்னாரு."

"வடியணும்னாரு. ஊறணும்னு சொன்னாரா?"

அண்ணாச்சி கையில் ஒட்டிய மண்ணை மறுபடியும் நசுக்கிப் பார்த்தார். முத்துத்தாய் லேபிள் ஒட்டுவதை நிறுத்திவிட்டாள். வேதமணி விளக்கினார். புதூர் கச்சேரியிலும் தண்ணீர் ஈசானத்துக்குத்தான் போகிறது, ஆனால் ஈசானச் சுவரின் காலடியில் நிற்காமல் தள்ளிப் போகிறது. நம்மிடம் அது வடியவில்லை. விழுந்த இடத்திலேயே ஊறுகிறது. ஊறிய மண் மூலையைத் தூக்குகிறது, தூக்கிய மூலை நிலையைக் கோணலாக்குகிறது, கோணிய நிலைக்குள் இரும்பும் போகாது, மரமும் போகாது. இதைச் சொல்லும்போது அவர் கையில் காலித் தீப்பெட்டி இருந்தது. அதை அண்ணாச்சியிடம் கொடுத்து, மேல்கூட்டை மூலையில் அழுத்திக்கொண்டு உள்பெட்டியைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். அண்ணாச்சி மூன்று முறை தள்ளிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து தீப்பெட்டிக்குள் வாழ்கிற மனிதர். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மதுரைக்காரருக்கு ஆள் அனுப்பி, இடிக்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் வியாபாரி வியாபாரிதான். சொன்ன காரணம் சரியாயிருக்கிறது, கதவு மூடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கோடையில் அது எப்படியும் மூடும், அதைக் கணக்கில் எடுக்க முடியாது. அடுத்த ஐப்பசி வரட்டும். அதுவரை பக்கத்து மனையில் யாரும் வானம் தோண்டப் போவதில்லை, வேதமணியும் இல்லை, வேறு எவரும் இல்லை. வேதமணி இதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டார். மண்ணை நம்பிச் சொன்ன வார்த்தைக்கு மண்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

மழை ஓய்ந்து மண் காய்ந்து, மூலை தானாக இறங்கும்வரை காத்திருந்து, மாசியில் வேலையை முடித்தார். எழும்பியிருக்கும்போது குடை பிடித்தால் அது எழும்பினபடியே நின்றுவிடும் என்பதால் அந்தப் பொறுமை. வேலை நடந்த நாட்களில் எஸ்தர்ராணி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ராணியம்மா கால் நனைக்க எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அடுத்த ஐப்பசி முதல் வாரமே நல்ல மழை. மூன்றாம் நாளும் தூறிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி குடையோடு வந்து சரக்கு அறைக் கதவின் முன் நின்றார். வேதமணியும் இருந்தார். லேபிள் ஒட்டுகிறவர்கள் கை ஓடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி சுண்டுவிரலை நீட்டிக் கதவைத் தள்ளினார். கதவு போய் நிலைக்குள் உட்கார்ந்து, தாழ்ப்பாள் தானாக விழுந்தது. திறந்து மறுபடியும் தள்ளினார். மறுபடியும் மூடியது.

"நீர்க்கோவை சரியாப் போச்சு அண்ணாச்சி" என்றாள் முத்துத்தாய்.

இந்தத் தடவை அண்ணாச்சி சிரித்தார். "பக்கத்து மனைக்கு நூல் பிடிக்க என்னைக்கு வாரீரு?" என்று வேதமணியைக் கேட்டுவிட்டு, புது செட்டுக்கும் தண்ணீர் ஈசானத்தில்தான் வடிய வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். வேதமணி தாராளமாக வடியட்டும் என்றார்.

செய்த வேலை இவ்வளவுதான். மாடித் தண்ணீர் முன்போலவே ஈசான மூலைத் தூம்பு வழியாக இறங்குகிறது. தூம்பைச் சுவரிலிருந்து ஒரு கை நீளம் வெளியே நீட்டி, அது விழுகிற இடத்தில் ஒரு கல்தொட்டி வைத்தாயிற்று. அந்தத் தொட்டியிலிருந்து, இடுக்கெல்லாம் காரை பூசிய ஒரு கல்லோடை, தண்ணீரைச் சுவரைவிட்டு விலக்கி, காம்பவுண்டின் ஈசானத்தில் கட்டிய பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகிறது. அது நிரம்பினால் தெருவோடைக்கு வழிந்துவிடும். கட்டடத்தின் நான்கு பக்கமும் சுவரை ஒட்டி, வெளிப்பக்கம் சரிந்த பாவுகல் போட்டிருக்கிறது. இப்போது சுவரடிக் கரிசல் மழையில் நனைவதில்லை, அதனால் உப்புவதில்லை. மண் உப்பாததால் மூலை எழும்புவதில்லை. மூலை எழும்பாததால் நிலை சதுரமாக நிற்கிறது, கதவு மூடுகிறது.